வரிசை எண் இரண்டு

பதினாலேகால் கல்.
ஊருக்குப் பெயர் அவ்வளவுதான்.
மண்டாய்ச் சாலையில் பேருந்து நிற்கும்,
பலகை கிடையாது.
நடத்துநர் கத்துவார்: "காலு, காலு!"

எழுபத்தாறு, மார்ச்.
நில அலுவலகம் என்னை அனுப்பியது.
ஒரு கட்டுப் படிவம், இடையிடையே கார்பன் தாள்,
மரம் எண்ண ஹஸ்புல்லா என்றொரு பையன்.
காய்க்கும் ரம்புத்தான் எத்தனை, காய்க்காதது எத்தனை,
கூரை துத்தநாகமா அத்தாப்பா,
பன்றிக் கொட்டில் எத்தனை அடி.
கடைசிக் கட்டத்தில் மட்டும்
குடியேறிய ஆண்டு.

அதற்குக் காசு கிடையாது.
வெள்ளியெல்லாம் மரத்துக்கும் கூரைக்கும்தான்.
சொல்லிப் பார்த்தேன்.
ஊர் முழுக்க அந்தக் கட்டத்தில்தான் வந்து நின்றது.

சந்தியாகு வீட்டில் பத்தொன்பது என்றார்கள்.
காரைக்காலில் கப்பலேறிய சீட்டு இருந்ததாம்,
கரையான் தின்றுவிட்டதாம்.
வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த
குருசம்மாள் திரும்பாமலே சொன்னாள்:
"எங்களுக்குப் பதினெட்டு போடுங்க."
மிளகு போட்டிருந்த தியோ குடும்பம்
விரல் மடக்கி எண்ணிக் குதிரை ஆண்டு என்றது.
எந்தக் குதிரை? பதினெட்டா, ஆறா?
"எது முந்தியோ அது," என்றாள் மூத்த மருமகள்.
பாவியான் தீவிலிருந்து வந்த ரயிஸ் வீட்டார்
ஆண்டே சொல்லவில்லை.
துரியான் மரத்தடிக்குக் கூட்டிப்போய்
கட்டிப்பிடித்துப் பார் என்றார்கள்.
பார்த்தேன்.
என் கையும் ஹஸ்புல்லா கையும் சேர்ந்தும் எட்டவில்லை.

கோயில் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன்.
பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர்
காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவைத்திருந்தார்.
சந்தியாகு அதில் ழாக்.
குருசம்மாளின் மாமியார் மூன்று பக்கத்தில் மூன்று பெண்கள்.
தேதி இருந்த இடத்தில் மழை இருந்தது.
இதற்கிடையே சந்தியாகு மகளைக்
குருசம்மாள் மகன் கட்டியிருந்தான்,
தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு
இரண்டு முதல் குடும்பம்.

ஞானாதிக்கம் கடைசியாக வந்தார்.
காக்கிச் சட்டை, தோளில் காசுப்பை.
"காலு, காலு" என்று கத்துகிற அதே ஆள்.
வண்டிக்கு நேரமாகிறது என்றார்.
"எங்களை ரெண்டாவதா எழுதிக்குங்க."
முதல் யார்?
"தெரியாது."
பிறகு எப்படி இரண்டு?
"எங்கப்பா வந்தப்போ கிணறு இருந்துச்சு.
கிணத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு.
வாளியக் குடுத்தாரு, அப்பா குடிச்சாரு.
ரெண்டு வருசம் கழிச்சு ஆளக் காணோம்."
தமிழரா, சீனரா?
"அப்பா கேக்கல.
பலாமரம் ஏழு. உங்க பையன் ஆறுன்னு எண்ணியிருக்கான்,
அத முதல்ல திருத்துங்க."

ஏழு என்று திருத்தினேன்.
அன்றிரவு குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையல் மேசையில்
படிவங்களை அடுக்கும்போது
கை தானாக ஞானாதிக்கத்துக்கு இரண்டு போட்டது.
மற்றவர்கள் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.
ஒன்றில் எதுவும் எழுதவில்லை.

மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பினார்,
வெற்று வரிசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பிறகு அவரே பொறுமையிழந்து
எல்லாரையும் ஒரு படி மேலேற்றினார்.
இரண்டு ஒன்றானது.
கிணற்றை மண்வாரி மூடியது.
துரியானுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்,
மறந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு பெண் அழைத்தாள்.
ஞானாதிக்கத்தின் கடைசி மகள், ஃபெலிசிட்டா.
குடும்ப மலர் போடுகிறார்களாம்.
"ஆவணத்துல பார்த்தோம் சார்,
அந்த ஊருக்கு எங்க குடும்பந்தான் முதல் குடும்பம்.
அப்பா வாயத் திறந்ததேயில்ல.
எவ்வளவு அடக்கம் பாருங்க!"

கார்பன் நகல் என்னிடம்தான் இருக்கிறது,
வெளுத்த நீலத்தில்.
சிவப்பு மை அதில் இறங்கவில்லை.
இழுப்பறையைத் திறந்து கையில் எடுத்தேன்.
அது இன்னும் இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

"ஹலோ," என்றாள்,
"சார், லைன்ல இருக்கீங்களா?"